நிற்கும் வண்டி, கட்டிக் கிடக்கும் படகு: பேட்டரி இறங்காமல் சோலாரில் காப்பது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இதே மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சும்மா கிடந்த பேட்டரி இறங்கிச் செத்துப்போயிருக்கும், தடைக்காலம் முடிகிற வாரம் பேட்டரி கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். கோடை விடுமுறையில் நிற்கும் பள்ளி வேன், அறுவடை முடிந்து கொட்டகைக்குள் போன டிராக்டர், வளைகுடாவில் வேலை பார்ப்பவரின் ஊர் வீட்டில் உறை போட்டு மூடிய கார், எல்லாமே இதே மாதிரிதான் செத்துக் கிடக்கின்றன.

ஒரு சின்ன சோலார் பேனல் இதைத் தடுக்கும். ஆனால் பேனல் வாங்குவது இந்த வேலையில் ஐந்தாவது படி. அதை முதல் படியாக எடுத்துக்கொண்டவர்கள்தான் இரண்டு மாதம் கழித்து "சோலாரெல்லாம் சும்மா" என்று சொல்லித் திரிகிறார்கள். கீழே இருப்பது செய்ய வேண்டிய வரிசை. படகு, கார், வேன், டிராக்டர் எல்லாவற்றிலும் இருக்கும் ஈய-அமில பேட்டரிக்கு இது பொருந்தும். மின்சார ஸ்கூட்டரின் பெரிய பேட்டரிக்கு இதைச் செய்யாதீர்கள். அது வேறு சமாச்சாரம்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10, 12, 13 அளவு ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், வாசலின், டிஸ்டில்ட் வாட்டர், சோடா உப்பு, கண்ணைக் காக்கும் கண்ணாடி, ரப்பர் கையுறை. மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர். அவ்வளவுதான்.

மீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பேட்டரியின் மேல் இருக்கும் பச்சைக் கண் ஆறு செல்களில் ஒன்றைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தும் என்ன நிலையில் இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது.

2. பேட்டரி இன்னும் நல்லதுதானா என்று பாருங்கள்

வண்டியையோ எஞ்சினையோ ஓட்டி நிறுத்தி ஓர் இரவு விடுங்கள். ஓடிய உடனே அளந்தால் மேல்மட்ட சார்ஜ் காரணமாகப் பொய்யாக அதிகம் காட்டும். மறுநாள் காலை எதையும் ஆன் செய்யாமல் இரண்டு டெர்மினலிலும் மீட்டரை வையுங்கள்.

12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. 12.4-க்குக் கீழே ஒரு பேட்டரி வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுதாகக் கரையாது. நாம் தடுக்கப் பார்ப்பது இதைத்தான்.

மீட்டர் 10.5 பக்கம் காட்டினால் ஒரு செல் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட்; ஐந்து செல் மட்டும் உயிரோடு இருந்தால் 10.5. சார்ஜ் ஏற்றியும் அங்கேயே நின்றால் அந்த பேட்டரிக்குப் பேனல் வாங்குவது வீண் செலவு.

மூடி திறக்கும் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லிவிடும். முழு சார்ஜில் 1.240-லிருந்து 1.280 வரை, தயாரிப்பைப் பொறுத்து. அளவைவிட ஆறு செல்லும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் அந்த பேட்டரியை நம்பாதீர்கள்.

அப்புறம் ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் வோல்டேஜைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால், ஒன்று சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரிக்கு வயதாகிவிட்டது. முழு சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். மறுபடியும் விழுந்தால் மாற்ற வேண்டியதுதான்.

3. எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள்

சாவியை எடுத்த பிறகும் வண்டி கொஞ்சம் கரண்ட் குடிக்கும். இன்றைய கார்களில் 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இயல்பு. கேட்பதற்குக் கொசுறு. கணக்குப் போட்டால் 50 மில்லிஆம்பியர் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 36. சின்ன பெட்ரோல் காரின் பேட்டரியே மொத்தம் 35 தான்.

அளப்பது இப்படி. மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, அந்தக் கிளாம்புக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். கதவுகளை மூடி லாக் செய்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். காருக்குள் இருக்கும் கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். உடனே பார்த்தால் ஓர் ஆம்பியருக்கு மேல் காட்டி உங்களைப் பயமுறுத்தும்.

இந்த நிலையில் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முடிந்ததும் சிவப்பு வயரைப் பழைய வோல்ட் துளைக்கே மாற்றிவிடுங்கள். இதை மறந்துவிட்டு அடுத்த முறை வோல்டேஜ் பார்க்க டெர்மினலில் வைத்தால், மீட்டர் வழியாகவே பேட்டரி ஷார்ட் ஆகும். புதியவர்கள் மீட்டரைக் கொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

100 மில்லிஆம்பியருக்கு மேல் போனால் ஏதோ சரியில்லை. பிறகு சேர்த்த பொருட்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்: ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ் கேமரா, மியூசிக் சிஸ்டம், பள்ளி வேனின் சிசிடிவி. ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவும்போது எண் சரேலென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

படகில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். அணைத்தும் கரண்ட் ஓடினால், யாரோ பேட்டரியிலிருந்தே நேராக வயர் இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். வயர்லெஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், சார்ஜிங் பாயின்ட் எல்லாம் இப்படி அவசரத்தில் கட்டப்பட்டிருக்கும். அடித்தளத் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி நேராக இருப்பது சரி. அது இருக்க வேண்டும். மற்றதெல்லாம் சுவிட்சுக்குப் பின்னால் போகட்டும். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பதில் பயன் இல்லை, முதலில் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

4. பேனலே இல்லாமல் முடியுமா?

பல நேரம் முடியும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத பழைய டிராக்டர், ஒன்றரை மாதம் நிற்கப்போகிறது என்றால், முழு சார்ஜ் ஏற்றி நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி வைத்தால் போதும். எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே ஷார்ட்.

கார் என்றால் கடிகாரம், ஜன்னல் கண்ணாடியின் ஆட்டோ அமைப்பு எல்லாம் அழிந்துபோகலாம். பட்டன் சாவி வண்டியில் பேட்டரியைக் கழற்றும் முன், உள்ளே மடங்கியிருக்கும் இரும்புச் சாவி கதவைத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனல் தேவைப்படுவது வேறு சூழ்நிலைகளில். பம்ப், டிராக்கர், அலாரம் போன்ற ஏதோ ஒன்று விடாமல் உயிரோடு இருக்க வேண்டும்; அல்லது இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது; அல்லது பக்கத்தில் கரண்ட் இல்லை, 35 கிலோ எடையுள்ள பேட்டரியை எஞ்சின் அறையிலிருந்து தூக்கிக்கொண்டு போகவும் ஆள் இல்லை. படகுகளுக்குப் பெரும்பாலும் இந்த எல்லாமே பொருந்தும்.

இன்னொன்று வெப்பம். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில் மூடிக் கிடக்கும் எஞ்சின் அறையில், எதுவுமே இணைக்காமல் மாதத்துக்குப் பத்து சதவீதம் போவது சாதாரணம். நல்லவேளையாக அதே வெயில்தான் பேனலுக்கும் தீனி.

5. எத்தனை வாட் பேனல் என்று கணக்கிட்டு வாங்குங்கள்

கணக்கு எளிது. ஒரு பக்கம் தினச் செலவு, மறுபக்கம் தின வரவு. வரவு செலவைவிட இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இரண்டு நாள் மேகமூட்டத்தில் விட்டதை அடுத்து வரும் வெயில் நாட்களில் பிடிக்க அந்த உபரி வேண்டும்.

வரவு: பேனலின் வாட்டை 18-ஆல் வகுத்தால் ஆம்பியர். அதைத் தமிழ்நாட்டுக் கோடைக்கு, முழு வெயிலுக்குச் சமமான 4 மணி நேரத்தால் பெருக்குங்கள். தூசு, சூடு, வயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 10 வாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 1.8 ஆம்பியர்-மணி தரும். 20 வாட் சுமார் 3.5.

செலவு, ஒரு காருக்கு: கசிவு 40 மில்லிஆம்பியர் என்றால் தினம் 1 ஆம்பியர்-மணி. பேட்டரி தானாக இறங்குவது 0.1. சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து, அளவுக்கு மீறி ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி) தனக்காகக் குடிப்பது 10 மில்லிஆம்பியர் என்றால் 0.24. ஆக மொத்தம் 1.3-க்குக் கொஞ்சம் மேல். 10 வாட் ஒட்டி ஒட்டித்தான் போகும்; 20 வாட் வாங்குங்கள்.

கன்ட்ரோலரின் அந்த 0.24-ஐப் பலர் மறந்துவிடுவார்கள். டேஷ்போர்டில் வைக்கும் 2, 3 வாட் பேனல்கள் ஏன் ஏமாற்றுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 3 வாட் பேனல் நேரடி வெயிலில் தருவதே தினம் அரை ஆம்பியர்-மணி. கண்ணாடிக்குப் பின்னால், படுக்கவைத்த நிலையில், அதிலும் பாதி போகும்.

செலவு, 24 வோல்ட் விசைப்படகுக்கு: 130 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு தொடராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தானாக இறங்குவது தினம் 0.45, கன்ட்ரோலர் 0.24. படகு தண்ணீரில் மிதந்தால் பம்பும் உண்டு. 3 ஆம்பியர் பம்ப் ஒரு நாளில் மொத்தம் இருபது நிமிடம் ஓடினால் 1. கூட்டினால் 1.7. இரண்டு 20 வாட் பேனல்களைத் தொடராக இணைத்தால் 3.5 வரும், போதும். மரப்படகு, தண்ணீர் அதிகம் கசிகிறது, பம்ப் ஒரு மணி நேரம் ஓடுகிறது என்றால் கணக்கே மாறிவிடும். இரண்டு 50 வாட் வேண்டும்.

குளச்சல் பக்கம் தடைக்காலம் தென்மேற்குப் பருவமழைக்குள் வருகிறது. அங்கே 4 மணி நேரம் என்று போடாதீர்கள். நான் 2.5 என்றுதான் போடுவேன். இராமேஸ்வரத்தில் மே மாதம் 20 வாட் செய்யும் வேலைக்கு அங்கே ஜூனில் 35 வாட்டாவது வேண்டும்.

வாங்கும்போது பேனலின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். முழு வேலை செய்யும்போதான வோல்டேஜ் (Vmp) 17.5-லிருந்து 18.5 வரை, எதுவும் இணைக்காதபோது (Voc) 21, 22 இருக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு எதற்கு 18 வோல்ட் என்று கேட்பார்கள். மே மாத வெயிலில் பேனலின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தொடும்போது 18 வோல்ட் கிட்டத்தட்ட 15-க்கு இறங்கிவிடும். அதிலிருந்து வயரும் கன்ட்ரோலரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால், பேட்டரிக்குத் தேவையான 14.4 ஒட்டி ஒட்டித்தான் மிஞ்சும். லேபிளில் 16 என்று போட்ட மலிவு பேனல் காலையில் சார்ஜ் ஏற்றும், உச்சி வெயிலில் திணறும்.

6. கன்ட்ரோலர், வயர், ஃபியூஸ்

பேனலை நேராக பேட்டரியில் இணைக்காதீர்கள். 20 வாட் பேனலும் மாதக்கணக்கில் கட்டுப்பாடில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தகடுகளை வெளியே காட்டிவிடும். பைக்கின் 4 ஆம்பியர்-மணி சீல் பேட்டரி என்றால் இன்னும் சீக்கிரம் உப்பிவிடும்.

இந்த அளவு வேலைக்கு 10 ஆம்பியர் பிடபிள்யூஎம் (PWM) எனும் எளிய வகைக் கன்ட்ரோலர் போதும். பேனலிலிருந்து அதிகபட்சத்தை எடுக்கும், விலை கூடிய எம்பிபிடி (MPPT) வகைக்குக் கொடுக்கும் விலைக்கு ஏற்ற லாபம் 20, 40 வாட்டில் கிடைக்காது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதியும், 24 வோல்ட் படகு என்றால் 12, 24 என்று நாமே நிர்ணயிக்கும் வசதியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு. பேனல் பக்கம் வெயில் தாங்கும் சோலார் டிசி வயர். வீட்டு வயரிங் மிச்சத்தை வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். கடலில் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரணச் செம்பு, உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே அரை முழம் வரை கறுத்துப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது.

பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ். இந்தச் சின்ன பேனலால் தீ வரும் வாய்ப்பு குறைவு, அதன் கரண்ட் அற்பம். பேட்டரிதான் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது. எலி கடித்தோ உரசியோ வயர் பாடியைத் தொட்டால் உருகப்போவது அந்த வயர். அதனால்தான் ஃபியூஸ் பேட்டரி பக்கம். பேனல் பக்கம் ஃபியூஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வயர் முனைகளில் வளைய லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள், அதாவது அழுத்தி இறுக்குங்கள். முதலை கிளிப் ஓர் இரவுக்குச் சரி, இரண்டு மாதத்துக்கு இல்லை. அலை ஆட்டத்தில் அது நகர்ந்துகொண்டே இருக்கும், உப்பு ஏறிப் பச்சை பூத்துவிடும்.

7. முழு சார்ஜ் ஏற்றிய பிறகே பேனல்

அதிகம் தவறவிடப்படும் படி இது. பாதி இறங்கிய 130 ஆம்பியர்-மணி பேட்டரியை நிறைக்க 65 ஆம்பியர்-மணி வேண்டும். தினம் நிகரமாக 2 வந்தால் ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் பேட்டரி அரை வயிற்றோடு கிடந்து சல்பேட் பிடிக்கும். சின்ன பேனலால் நிறைந்ததை நிறைந்தபடி வைத்திருக்கத்தான் முடியும்.

எனவே பேட்டரி கடையிலோ வீட்டு சார்ஜரிலோ முழுதாக ஏற்றுங்கள். ஏற்றும் முன் தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர். சார்ஜ் முடிந்த பிறகு குறியீடு வரை. முன்னாலேயே முழுதாக ஊற்றினால் சார்ஜில் பொங்கி ஆசிட் வழியும். ஆர்ஓ தண்ணீரும் ஏசியிலிருந்து வடியும் தண்ணீரும் வேண்டாம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சோடா உப்புக் கரைசலால் கழுவி, பிரஷ் போட்டு, துடைத்து, இறுக்கி, அதன் பிறகு வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்கினால் நடுவே வாசலின் படலம் நின்றுவிடும்.

8. பேனலை எங்கே வைப்பது?

நிழல் விழாத இடம் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் காலை ஒன்பது மணிக்கு நிழலில்லாத இடத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கயிறோ கம்பமோ நிழல் போடும். செல்கள் தொடராக இருப்பதால், ஒரு செல்லை மறைத்தாலும் மொத்த பேனலின் வரவும் விழும். ஒரு படகில் வீல்ஹவுஸ் கூரையில் பேனல் அழகாக இருந்தது, ஒரு மூலையில் மடித்த வலையின் விளிம்பு நான்கு விரல் அளவுக்குத் தொங்கியது. மீட்டரில் 0.2 ஆம்பியர். வலையைத் தள்ளியதும் 0.9. ஆகவே ஒரு நாள் முழுக்க மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

துறைமுகத்தில் படகுகள் பக்கம் பக்கமாக நெருக்கிக் கட்டப்படும். பக்கத்துப் படகு உயரமானதா என்று பாருங்கள். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். அன்று பேனலை மூடி வைக்காவிட்டால் அதன்மேலும் ஒரு கோட் விழும்.

சாய்வுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நம் ஊரில் சூரியன் தலைக்கு மேலேதான். பத்து டிகிரி சாய்வு இருந்தால் மழையில் தூசும் காக்கை எச்சமும் வழிந்துவிடும், அதற்காகத்தான் சாய்வு. அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். காற்று போனால் சூடு குறையும். ஆள் இல்லாத படகில் பேனல் திருட்டும் உண்டு, போல்ட்டின் நட்டை வெல்ட் வைத்துவிடுவது நல்லது.

உறை போட்ட காருக்குப் பேனலைக் கார்மீது வைக்க முடியாது. போர்ட்டிகோ கூரையிலோ மொட்டை மாடியிலோ வைத்து வயரைக் கீழே இறக்குங்கள். பத்து மீட்டர் தூரத்துக்கு 2.5 வயரில் ஓர் ஆம்பியருக்கு 0.14 வோல்ட்தான் இழப்பு.

9. இணைக்கும் வரிசை

இங்கே வரிசை மாறினால் கன்ட்ரோலர் போகும்.

முதலில் பேனலைத் துணியால் மூடுங்கள். கன்ட்ரோலரை பேட்டரிக்கு அருகில், ஆனால் பேட்டரி பெட்டிக்கு வெளியே பொருத்துங்கள். அருகில் ஏனென்றால் அது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை வைத்துத்தான் வோல்டேஜைக் குறைக்கும். பேட்டரி 40 டிகிரியில் இருக்கும்போது சுமார் 0.3 வோல்ட் குறைவாக ஏற்ற வேண்டும். வெளியே ஏனென்றால் சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

அடுத்து கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு, ஃபியூஸைக் கழற்றிய நிலையில், வயர் இணையுங்கள். இப்போது ஃபியூஸைப் போடுங்கள். திரை எரிந்து பேட்டரி வோல்டேஜ் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பேனல் வயர், கடைசியாகத் துணி. எந்த வோல்ட்டுக்கு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பேட்டரி இல்லாமல் பேனலின் 22 வோல்ட் நேராக உள்ளே வந்தால் அது தப்பாக முடிவு செய்யும், மலிவானது எரியவும் செய்யும். கழற்றும்போது நேர் எதிர்: முதலில் பேனல், பிறகு பேட்டரி.

கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட துளைகள் விளக்கு போன்றவற்றுக்கானவை. பேட்டரியை அதில் இணைத்துவிட்டு ஏன் ஏறவில்லை என்று கேட்பவர்கள் நிறைய.

பேனலின் நெகட்டிவ் வயரைப் பாடியில் இணைக்காதீர்கள். மலிவு கன்ட்ரோலர்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பொது. நெகட்டிவ் பக்கத்தில்தான் கட்டுப்பாடு. பேனல் நெகட்டிவ் பாடியைத் தொட்டால் கன்ட்ரோலரைத் தாண்டிக் கரண்ட் போகும்.

காரின் பேட்டரி நெகட்டிவ் முனையில் சின்னக் கறுப்புப் பெட்டி மாதிரி சென்சார் இருந்தால், கன்ட்ரோலரின் பேட்டரி நெகட்டிவை அந்த முனையில் கட்டாமல் எஞ்சின் பக்க எர்த் போல்ட்டில் கட்டுங்கள். இல்லையென்றால் சோலார் ஏற்றியது வண்டியின் கணக்கில் வராது.

சிகரெட் லைட்டர் துளை வழியாக ஏற்றலாமா? பெரும்பாலான வண்டிகளில் சாவியை எடுத்ததும் அந்தத் துளை பேட்டரியிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். தெரிந்தவர் ஒருவர் கோடை முழுக்க அதில் செருகி வைத்திருந்தார். அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்ததால் சந்தேகமே வரவில்லை. அந்த விளக்கை எரிய வைத்தது பேனல். வண்டியை லாக் செய்த நிலையில் துளையில் மீட்டர் வைத்துப் பாருங்கள், 12 காட்டாவிட்டால் மறந்துவிடுங்கள்.

படகில் கன்ட்ரோலர் வயர் மெயின் சுவிட்சுக்கு முன்னால், பேட்டரி பக்கம் சேர வேண்டும். பின்னால் சேர்த்தால் சுவிட்சை அணைத்ததும் சோலாரும் அணைந்துபோகும்.

10. 24 வோல்ட் படகும் இரண்டு பேட்டரியும்

தொடராக இருக்கும் இரண்டு பேட்டரிகளில் ஒன்றுக்கு மட்டும் 12 வோல்ட் பேனல் வைப்பது சரியல்ல. ஒன்று நிறைந்து, மற்றது இறங்கி, அடுத்த முறை டைனமோ ஏற்றும்போது நிறைந்தது கொதிக்கும், இறங்கியது பாதியில் நிற்கும். அதே போல ஒன்றுக்கு மட்டும் புதுசு வாங்கிப் பழையதோடு சேர்ப்பதும் வேண்டாம்.

கன்ட்ரோலர் தானாகக் கண்டுபிடிக்கும் என்று விடாமல் 24 என்று நீங்களே வையுங்கள். நன்றாக இறங்கிய 24 வோல்ட் ஜோடியைச் சில கன்ட்ரோலர்கள் 12 என்று எடுத்துக்கொண்டு, 14 வோல்ட்டைத் தாண்டியிருப்பதால் நிறைந்துவிட்டது என்று ஏற்றாமலே விட்டுவிடும்.

12 வோல்ட் படகில் ஸ்டார்ட்டருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று தனித்தனி பேட்டரி இருந்தால், இரண்டையும் பாரலலில் கட்டிவிடாதீர்கள். பலவீனமானது நல்லதையும் இழுத்துக் கீழே கொண்டுபோகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன பேனல், ஒரு கன்ட்ரோலர். செலவு அதிகமில்லை.

11. அமைப்பும் கவனிப்பும்

கன்ட்ரோலரில் மூடி திறக்கும் பேட்டரியா, சீல் செய்ததா, ஏஜிஎம்மா (ஆசிடைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் சீல் வகை) என்று சரியாக வையுங்கள். 12 வோல்ட்டுக்கு ஏற்றும் உச்சம் 14.4, நிறைந்த பிறகு தாங்கும் அளவு 13.5 முதல் 13.8; 24 வோல்ட் ஜோடிக்கு இந்த வோல்ட் எண்கள் எல்லாம் இரண்டு மடங்கு. வெப்பத்துக்கேற்ப மாற்றாத கன்ட்ரோலர், சூடான எஞ்சின் அறை என்றால் 13.4 வைப்பேன். சீல் பேட்டரிக்கு, செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே அதிகமாக ஏற்றும் 'ஈக்வலைஸ்' அமைப்பை அணைத்துவிடுங்கள். போன தண்ணீரை அதற்குள் மறுபடி ஊற்ற வழியில்லை.

முதல் நாள் மதியம் பேட்டரியில் 13.2-லிருந்து 14.4-க்குள் காட்டினால் பேனல் வேலை செய்கிறது. அது மட்டும்தான் அதற்குப் பொருள். பேட்டரி எப்படி இருக்கிறது என்பது வெயில் வரும் முன் காலை ஆறு மணிக்குத்தான் தெரியும். 12.6-க்கு மேல் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அந்த நேரத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஊரில் இருப்பவரிடம் கேளுங்கள். மதியப் படத்தை அனுப்பிவிட்டு "14 இருக்கு அண்ணே" என்பார்கள், அது வேண்டாம்.

பேனலை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடையுங்கள். கடலோரம் இது கட்டாயம், உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாமலே படியும். மாதம் ஒருமுறை செல்களில் தண்ணீர் மட்டம்.

12. பேனல் இருந்தும் இறங்கினால்

காலை அளவு வாரா வாரம் 0.1 குறைந்துகொண்டே போனால், செலவு வரவைவிட அதிகம். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள், பெரிய பேனல் வாங்க ஓடாதீர்கள். படகில் பம்பின் மிதவை சுவிட்ச் குப்பையில் சிக்கி, தண்ணீர் இல்லாமலே ஓடுவது அடிக்கடி நடக்கும்.

மதியமும் 12.5 தாண்டவில்லையா? பேனல் வயரைக் கழற்றி வெயிலில் அளவிடுங்கள். 18-க்கு மேல் இருந்தால் பேனல் நல்லது. ஃபியூஸ், லக், கன்ட்ரோலர் என்று பேட்டரி நோக்கி வாருங்கள். பகலில் 14.4, காலையில் 12.2 என்றால் பேட்டரியே சார்ஜைப் பிடித்துவைக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் மட்டும் வேகமாக இறங்கினால் தாங்கும் வோல்டேஜைக் குறையுங்கள்.

13. மறுபடி ஓட்டத் தொடங்கும்போது

பேனல் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பேட்டரி பக்க ஃபியூஸை. டைனமோ ஓடும்போது கன்ட்ரோலர் இணைந்திருப்பது பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் மலிவான கன்ட்ரோலர் ஸ்டார்ட் அடிக்கும்போது வரும் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் என்று நான் நம்புவதில்லை. எஞ்சின் அறையைத் திறந்து பத்து நிமிடம் காற்றாட விட்ட பிறகே மெயின் சுவிட்சைப் போடுங்கள், ஹைட்ரஜன் தேங்கியிருக்கலாம்.

பேனலை அதன் இடத்திலேயே விடலாம், வயர் முனைகளை மட்டும் டேப் சுற்றித் தனித்தனியாக மடித்து வையுங்கள். கழற்றிய 5 ஆம்பியர் ஃபியூஸைக் கன்ட்ரோலர் பெட்டியின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எங்கேயாவது பத்திரமாக வைத்தால் அடுத்த ஏப்ரலில் தேடினாலும் கிடைக்காது.